அபராதம் கட்டியவன் ராணுவ அதிகாரி ஆகலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் பணியாற்றி, சுபேதாராக ஓய்வு பெற்று, இப்போது தேவிபட்டினத்தில் வசிக்கிறார்.

கேள்வி: வணக்கம் ஐயா. தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் என்னுடையது. வயது 21. என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் ‘பி’ கிரேடு வாங்கியிருக்கிறேன். என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாகச் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். 2023-இல் திருவிழாவையொட்டி நடந்த பாய்மரப் படகுப் போட்டியில், எந்தப் படகு முதலில் கொடியைத் தொட்டது என்று தகராறு வந்து கைகலப்பாகிவிட்டது. ஒன்பது பேர் மீது வழக்குப் போட்டார்கள். “ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இன்றோடு முடிந்தது” என்றார் வக்கீல். ஆயிரம் ரூபாய் கட்டினேன். பயிற்சி மைய ஆசிரியரோ, “அதெல்லாம் ஒரு வழக்கா? எழுதாதே” என்கிறார். எழுதவா, விடவா?
— பெயர் வேண்டாம், தொண்டி வட்டாரம்

பதில்: எழுது. அதற்கு முன், அந்த அபராத ரசீதைத் தேடி எடு தம்பி. அதில் எஸ்.டி.சி. என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். சுருக்க விசாரணை வழக்குக்கு நீதிமன்றம் தரும் எண் அது. அந்த எண் இருக்கிறதென்றால் உன் பெயரில் ஒரு தீர்ப்பும் இருக்கிறது.

நம் பக்கத்தில் பலருக்கும் இது புரிவதில்லை. ‘அபராதம் கட்டி முடித்துவிட்டேன்’ என்று சொல்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினால், சட்டத்தின் கண்ணில் அது தண்டனைத் தீர்ப்பு. சிறைக்குப் போகவில்லை என்பதால் தண்டனையே இல்லை என்று ஆகிவிடாது. காவல் நிலையத்திலேயே பெரியவர்கள் பேசி, மனு ரசீதோடு முடித்துக்கொண்டால் கதை வேறு. அங்கே முதல் தகவல் அறிக்கையே கிடையாது. முதல் தகவல் அறிக்கை பதிவாகி, நீதிமன்றத்தில் இரு தரப்பும் ராஜியாகப் போனால் அது இன்னொரு கதை. சட்டம் ராஜிக்கு அனுமதிக்கும் பிரிவுகளில் அதன் பலன் விடுதலைதான். நீ இந்த இரண்டிலும் சேரமாட்டாய். அன்றைக்கே முடியட்டும் என்று அவசரப்படுத்திய வக்கீல் இந்த வித்தியாசத்தை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

உன்னோடு சேர்ந்த மற்ற எட்டுப் பேரில் யாருக்காவது வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால், இதைப் படித்துக் காட்டு. இந்த மாதிரி அடிதடி வழக்குகளில் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323 (காயப்படுத்தியது), 341 (வழிமறித்தது), 506(1) (மிரட்டியது) என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். 323, 341, 506(1) மூன்றிலும் ராஜி செய்துகொள்ளலாம். ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போட வேண்டியிருக்கும். செலவுதான், ஆனால் அரசு வேலை கனவு இருப்பவன் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தச் செலவை யோசிக்க வேண்டும். அப்போது 18 வயது நிறையாதவன் யாராவது இருந்தால் அவன் பயப்பட வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட வழக்கால் அவனுக்குத் தகுதியிழப்பு வராமல் காக்கிறது.

இனி உன் விஷயம். எழுத்துத் தேர்வு இல்லாததால் நீ நேராக எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போவாய். ஐந்து நாள். உன் வழக்கு உண்மையில் பேசப்போவது அதற்குப் பிறகு, மருத்துவப் பரிசோதனையும் தகுதிப் பட்டியலும் முடிந்து, சேருமுன் நன்னடத்தைச் சரிபார்ப்புக்காக நிரப்பும் படிவத்தில். எப்போதாவது கைது செய்யப்பட்டாயா, வழக்குத் தொடரப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டிக்கப்பட்டாயா, இப்போது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். ‘அபராதம்’ என்று தனியாகவே ஒரு கேள்வி இருக்கும்போது, ‘இது வழக்கே இல்லை’ என்று உன் ஆசிரியர் எப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தகவலை மறைப்பதே தகுதியிழப்பாகும் என்ற எச்சரிக்கையும் அந்தப் படிவத்தின் தலையிலேயே இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிக்காமல் பெயர் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்தக் காகிதம் பிறகு எங்கே போகிறது என்று தெரிந்துகொள். மாவட்ட நிர்வாகத்துக்குப் போய், காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வழியாக உன் ஊர்க் காவல் நிலையத்துக்கு வரும். நிலைய எழுத்தர் பதிவேட்டைப் புரட்டுவார். இப்போது கணினியிலும் தட்டிப் பார்ப்பார். பதில் அதே வழியில் திரும்பும். நான் எழுத்தர் மேஜையில் இருந்த காலத்தில் அப்படித் திரும்பி வந்த பதில்களைப் பிரித்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. ஒரு பையனின் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று மணி மணியான கையெழுத்து. காவல்துறை பதிலில் ஒரு குற்ற எண், சைக்கிளை எடுத்துப் போன தகராறில் பக்கத்து வீட்டுக்காரனை அறைந்ததாக. அறைக்காக அவனை யாரும் அனுப்பியிருக்கமாட்டார்கள் என்பதுதான் அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டது. அந்த ‘இல்லை’க்காகத்தான் பெட்டியைக் கட்டினான்.

உன் ஆசிரியர் சந்தீப் குமார் வழக்கில் வந்த 2011 தீர்ப்பை எடுத்து வைக்கலாம். டெல்லி காவல்துறை வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் பழைய அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதை, இளமைக் காலத் தவறு என்று உச்ச நீதிமன்றம் பெரிதுபடுத்தாமல் விட்டது. சரிதான். ஆனால் அவருடைய வழக்கு ராஜியாகி விடுதலையில் முடிந்தது. அதற்குப் பிறகு 2016-இல், அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து இந்தக் கேள்வியை முழுதாகப் பார்த்தார்கள். தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், அதை மன்னிப்பது வேலை தருபவரின் விருப்புரிமை. உன் ஆசிரியரின் யோசனையைக் கேட்டால் நீ அந்த விருப்புரிமையை நம்பி, ஒவ்வொரு நீதிமன்றமாக ஏற வேண்டும். அதற்குள் உனக்கு வயது 25 தாண்டிவிடும். அந்த நுழைவின் கதவும் மூடிவிடும்.

அதே தீர்ப்பில் உனக்குக் கசப்பான ஒரு வரியும் உண்டு. உண்மையை ஒழுங்காகச் சொன்னாலும், உன் முன்வரலாற்றைப் பரிசீலித்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. எனவே ‘எழுதினால் கிடைத்துவிடும்’ என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். என் மதிப்பீட்டைக் கேட்டால்: படகுப் போட்டித் தகராறு, ஆயுதம் இல்லை, யாருக்கும் பெரிய காயம் இல்லை, திருட்டோ மோசடியோ பெண்களிடம் அத்துமீறியதோ இல்லை. உனக்கு வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பம் போடு.

படிவத்தில் இப்படி எழுது: ‘ஆம். இன்ன காவல் நிலையம், இன்ன குற்ற எண், இன்ன பிரிவுகள். இன்ன நீதித்துறை நடுவர் நீதிமன்றம், எஸ்.டி.சி. எண் இன்னது, குற்றத்தை ஒப்புக்கொண்டு ரூ.1,000 அபராதம் இன்ன தேதியில் செலுத்தப்பட்டது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் இணைக்கப்பட்டுள்ளது.’ அவ்வளவுதான். எந்தப் படகு முதலில் வந்தது என்ற நியாயத்தை அங்கே எழுதாதே. நகல் மனுவை இந்த வாரமே போட்டுவிடு. படிவம் கைக்கு வந்த பிறகு நீதிமன்ற வராண்டாவில் நிற்க உனக்கு நேரம் இருக்காது. நேர்காணல் அதிகாரி கேட்டால் மூன்று வாக்கியத்தில் சொல். வக்கீலையும் எதிர்க் கோஷ்டியையும் இழுக்காதே; பழியைத் தள்ளுகிறவனை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

தீர்ப்பை மாற்ற முடியுமா என்றும் ஒரு நல்ல குற்றவியல் வழக்கறிஞரிடம் கேட்டுப் பார். மறுசீராய்வு மனுவுக்கு 90 நாள்தான் கெடு, அது கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். அது கைகூடினாலும், படிவத்தில் ‘வழக்குத் தொடரப்பட்டதா’ என்ற கேள்விக்குப் பதில் ‘ஆம்’தான்.

கேள்வி: ஐயா, என் மகன் கல்லூரி முதலாண்டு விடுமுறையில் மாமன் விசைப்படகில் போனான். நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை பிடித்து, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தி, ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கொடுத்து அனுப்பினார்கள். அப்போது வயது 19. இப்போது கடலோரக் காவல்படையில் அதிகாரி ஆக வேண்டும் என்கிறான். வெளிநாட்டு வழக்கை இங்கே சொல்ல வேண்டுமா?
— ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: சொல்ல வேண்டும் அம்மா. கைது செய்யப்பட்டாயா என்றுதான் படிவம் கேட்கிறது; எந்த நாட்டில் என்று கேட்கவில்லை. பையன் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்தபோது பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக இந்தியத் தூதரகம் கொடுத்த அவசரகாலப் பயணச் சான்று வீட்டில் இருக்கிறதா பாருங்கள். நீதிமன்ற உத்தரவின் நகலும் வேண்டும். மீன்வளத்துறை அலுவலகத்தில் அன்றைய பட்டியலும் படகின் பதிவு எண்ணும் இருக்கும். அவன் கூலிக்குப் போனவன், படகு உரிமையாளர் அல்ல என்பதற்கு அது சாட்சி.

கடல் எல்லையைத் தாண்டிய மீன்பிடி வழக்கு மண்டபத்தில் வேலை பார்த்த எந்தக் கடலோரக் காவல்படை அதிகாரிக்கும் புதிய சங்கதி அல்ல. அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஆனால் குற்றச்சாட்டு மீன்பிடிப்பு மட்டும்தானா என்று உத்தரவை வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பீடி இலை, கஞ்சா என்று ஒரு சொல் அதில் இருந்தால் நான் மேலே சொன்னது எதுவும் செல்லாது. இன்னொன்று: தண்டனை ஒத்திவைக்கப்பட்ட காலம் முடியவில்லையென்றால் மாமன் கூப்பிட்டாலும் மச்சான் கூப்பிட்டாலும் பையன் படகில் ஏறக் கூடாது. மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையையும் சேர்த்து அனுபவிக்க வேண்டி வரும்.

கேள்வி: சிறையிலிருக்கும் மீனவர்களை விடுவிக்கக் கோரி 2022-இல் ஊரே மறியலில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன். 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறியது) பிரிவுகளில் வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ராணுவ அதிகாரி ஆவதற்கான சி.டி.எஸ். தேர்வு எழுதலாமா?
— பட்டதாரி, பாம்பன்

பதில்: தேர்வு எழுதத் தடை இல்லை. ஆனால் நிலுவை வழக்கோடு அகாடமி வாசலுக்குப் போகாதே. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை தெளிவாகச் சொல்லியிருக்கிறது: 188-ஆவது பிரிவுக்குக் காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். அந்தத் தீர்ப்பைக் காட்டி ரத்து மனு போடு. நடுவர் நீதிமன்றத்தில் மக்கள் நீதிமன்ற நாளில் கூப்பிட்டு, ‘ஐந்நூறு கட்டு, முடிந்தது’ என்பார்கள். கட்டாதே. ஏன் என்பதை மேலே தொண்டித் தம்பிக்குச் சொன்னதில் படித்துக்கொள்.

மறியல்தானே என்று அலட்சியம் வேண்டாம். அதே 2022-இல் அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் தீவைப்பு நடந்தபோது, அதில் கலந்துகொள்ளவில்லை என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி தர வேண்டும், காவல்துறை சரிபார்ப்பு இல்லாமல் யாரும் சேர முடியாது என்று ராணுவம் அறிவித்தது. சாலையில் சும்மா உட்கார்ந்தவனும் பஸ்ஸைக் கொளுத்தியவனும் ஒன்றல்ல என்பதை உன் ரத்து உத்தரவுதான் காட்ட வேண்டும்.

கேள்வி: கடல் அட்டை மூன்று கிலோ வைத்திருந்ததாக வனத்துறை என் தம்பி மேல் வழக்குப் போட்டிருக்கிறது. சின்ன வழக்குதானே?
— கீழக்கரை

பதில்: இல்லை. கடல் அட்டை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது; யானையும் புலியும் இருக்கும் அட்டவணை. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. அவன் ராணுவத்துக்குப் போவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். வழக்கைச் சரியாக நடத்த ஆள் பாருங்கள். எந்த அவசரத்திலும் யார் சொன்னாலும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.