போக்கர் டோர்னமெண்டில் மூன்று பேர் மிச்சம், சிப்ஸில் (பந்தய வில்லைகளில்) நான்தான் முதல். பரிசைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

சமப் பங்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்காக டீலே வேண்டாம் என்று பேச்சை முறித்துவிடவும் வேண்டாம். டோர்னமெண்ட் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லி, சிப்ஸை எண்ணச் சொல்லி, ஐசிஎம் (கையில் உள்ள சிப்ஸுக்குப் பரிசுப் பணத்தில் என்ன மதிப்பு என்று பார்க்கும் முறை) கணக்குப்படி ஆளுக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் சரி என்றும் சொல்லக் கூடாது, முடியாது என்றும் சொல்லக் கூடாது.

நான் லண்டனில் வார இறுதிகளில் சின்ன டோர்னமெண்டுகள் ஆடுகிறவன். நள்ளிரவு தாண்டினால் யாராவது ஒருவர் 'பிரிச்சுக்கிட்டுக் கிளம்பலாமே' என்று ஆரம்பிப்பார். பெரும்பாலும் அவரிடம்தான் சிப்ஸ் குறைவாக இருக்கும். அதில் தப்பில்லை, அவர் நிலையில் இருந்தால் நானும் கேட்பேன். ஆனால் எல்லோருக்கும் தூக்கம் வருகிறது என்பது உங்கள் பணத்தை விட்டுக்கொடுக்க ஒரு காரணமே அல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பரிசுகள் 5,000, 3,000, 2,000 பவுண்ட். மேஜையில் உள்ள சிப்ஸில் உங்களிடம் 50 சதவீதம், அடுத்தவரிடம் 30, மூன்றாமவரிடம் 20. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3,333.

ஐசிஎம் வேறு மாதிரி பார்க்கிறது. மொத்த சிப்ஸில் உங்கள் பங்கு எவ்வளவோ அதுவே நீங்கள் முதலில் வரும் வாய்ப்பு. வேறொருவர் முதலில் வந்தால், அவருடைய சிப்ஸை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ அது இரண்டாமிடத்துக்கான வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பையும் அந்தந்தப் பரிசால் பெருக்கிக் கூட்டினால் உங்களுக்கு 3,839, அடுத்தவருக்கு 3,275, மூன்றாமவருக்கு 2,886. ஆக, சமப் பங்குக்குத் தலையாட்டினால் உங்களிடமிருந்து சுமார் 506 பவுண்ட் போகிறது. அதில் 447 மூன்றாமவருக்கு!

சிப் சாப் என்று இன்னொரு முறையும் உண்டு. ஆளுக்கு மூன்றாம் பரிசான 2,000-ஐக் கொடுத்துவிட்டு, மீதி 4,000-ஐ சிப்ஸ் விகிதப்படி பிரிப்பது. அதில் உங்களுக்கு 4,000 வரும். முன்னணியில் இருப்பவருக்கு இனிப்பான முறைதான், ஆனால் கணக்காக அது சரியில்லை. உங்களிடம் 80 சதவீதம் சிப்ஸ் இருந்தால் 5,200 வந்துவிடும். ஜெயித்தாலே 5,000தான் கிடைக்கும்போது, இதற்கு விவரம் தெரிந்த யாரும் ஒப்பமாட்டார்கள். நீங்கள் கேட்டுப் பார்க்கலாம், பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

பெரிய மேஜைகளிலும் இதே பேச்சுதான். 2019 ஆகஸ்டில் லண்டனில் நடந்த டிரைட்டன் மில்லியன் போக்கர் போட்டியில் நுழைவுக்கட்டணமே 10.5 லட்சம் பவுண்ட். அதில் 50,000 அறப்பணிக்குப் போனது. கடைசியில் பிரின் கென்னியும் ஆரன் ஜாங்கும் மிஞ்சினார்கள். முதல் பரிசு 1.9 கோடி, இரண்டாவது 1.167 கோடி. சிப்ஸில் கென்னி நன்றாக முன்னே இருந்ததால், டீலில் அவருக்குச் சுமார் 1.689 கோடி, ஜாங்குக்குச் சுமார் 1.378 கோடி என்று முடிவானது. அதன்பின் பட்டத்துக்காக மட்டும் ஆடியதில் ஜெயித்தவர் ஜாங்! இரண்டாமிடம் வந்த கென்னிதான் அதிகப் பணத்தோடு போனார். ஜாங் ஏமாந்துவிட்டார் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீல் பேசியபோது அவர் கையில் இருந்த சிப்ஸுக்கு அது நல்ல தொகை. பிறகு வந்த சீட்டுகளை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடக் கூடாது.

எண் கைக்கு வந்தபின் பிளைண்டைப் பாருங்கள், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயத்தை; அதில் பெரியதுதான் பிக் பிளைண்ட். ஆளுக்குப் பத்துப் பதினைந்து பிக் பிளைண்ட் அளவு சிப்ஸ்தான் இருக்கிறது என்றால் இனி எல்லாம் கையில் இருப்பதை மொத்தமாக வைக்கும் ஆல்-இன் ஆட்டம், திறமைக்கு அதிகம் இடமில்லை. ஐசிஎம் தொகை கிடைத்தால் நான் வாங்கிக்கொள்வேன். நாற்பதுக்கு மேல் இருந்து, மற்ற இருவரும் உங்களைவிடத் தெளிவாகப் பலவீனமானவர்கள் என்றால் ஐசிஎம்முக்கு மேலே கொஞ்சம் கேளுங்கள், தராவிட்டால் ஆடுங்கள். அந்தப் பணம் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு பெரியது என்பதும் முக்கியம். மேலே சொன்ன கணக்கில் முன்னணியில் இருந்தும் நீங்கள் மூன்றாவதாக வெளியேற 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்போது கிடைக்கும் 2,000 உங்களை உறுத்தும் என்றால் நூறு இருநூறு குறைவாக வாங்கிக்கொண்டு டீல் போடுவதும் நியாயமே. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் மறுத்தாலே டீல் கிடையாது, அந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

அப்புறம், டீலை டோர்னமெண்ட் டைரக்டர் முன்னிலையில் போட்டு, தொகைகளை எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் ஆடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் போன்ற இடங்களில் டீலை நிர்வாகம் கையாளாது. அறிவித்த பரிசு முழுவதும் ஜெயித்தவர் பெயரில்தான் தரப்படும், வரிக்கணக்கும் அவர் பெயரிலேயே ஏறும். பிரித்துக் கொடுத்ததற்கு அவரிடம் எழுத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். பிரிட்டனில் சூதாட்ட வெற்றிக்கு ஆடுபவர் வரி கட்டுவதில்லை என்பதால் இந்தத் தலைவலி இல்லை. உங்கள் நுழைவுக்கட்டணத்தில் நண்பர்கள் யாராவது பங்கு போட்டிருந்தால், தலையாட்டும் முன் அவர்களுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.