காற்று ஓய்ந்தும் கடல் தெளியாதது ஏன்?

கேள்வி: கரையிலிருந்து நீந்திச் சென்று பவளப்பாறைத் திட்டுகளில் ஸ்கூபா முக்குளிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வானிலைச் செயலி காற்றின் வேகம் 3 நாட் (மணிக்கு ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர்) என்றுதான் காட்டியது; கரையில் ஓர் இலைகூட அசையவில்லை. அதை நம்பி இறங்கினோம். ஆனால் அடியில், நீட்டிய கையின் விரல்களே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காற்றே இல்லாத நாளில் தண்ணீர் இப்படிக் கலங்கிக் கிடந்தது எதனால்?

பதில்: நீங்கள் பார்த்தது அன்றைய காற்றை, தண்ணீரைக் கலக்கியது பெரும்பாலும் அதற்கு முந்தைய நாள்களின் காற்றாக இருக்கும். கரையை நோக்கி இரண்டு நாள் விடாமல் அடித்த காற்று நின்றுவிடலாம். அது கிளப்பிவிட்ட வண்டல் உடனே அடங்குவதில்லை. 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல், அசைவில்லாத நீரில் 10 மீட்டர் ஆழத்தைப் பத்து நிமிடத்துக்குள் கடந்து படிந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் பருமனுள்ள வண்டல் துகளுக்கோ, அதே தூரம் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவும் நீர் சற்றும் அசையாமல் இருந்தால்தான். கடலில் அப்படி ஒரு நேரம் வாய்ப்பதே இல்லை. எனவே வெண்மணல் சூழ்ந்த திட்டு காற்று ஓய்ந்த மறுநாளே தெளியக்கூடும். சேறும் வண்டலும் படிந்த விரிகுடாவில் உள்ள திட்டு தெளிவதற்கு மூன்று நான்கு நாள்கூட ஆகலாம். முக்குளிக்கும் நாளின் முன்கணிப்பை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய மூன்று நாள்களில் காற்று எத்திசையிலிருந்து, எத்தனை மணிநேரம், என்ன வேகத்தில் வீசியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணிப்பில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். எங்கோ தொலைவில் அடித்த புயலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் நெடிய அலைகளுக்கு ஸ்வெல் என்று பெயர். உங்கள் கரையில் காற்றே இல்லாதபோதும் அவை வந்துசேரும். அவற்றின் உயரத்தைக் காட்டிலும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள கால இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 6 விநாடி இடைவெளியில் வரும் அலை ஆழ்கடலில் ஏறத்தாழ 56 மீட்டர் நீளமுடையது. 12 விநாடி அலையோ ஏறத்தாழ 225 மீட்டர். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதியளவு ஆழம் வரை இறங்கும் என்பதால், 15 மீட்டர் ஆழத்தை எட்டும்போது 6 விநாடி அலை பெரிதும் வலுவிழந்திருக்கும். 12 விநாடி அலை அந்த ஆழத்து மணலையும் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்கும்.

மேற்பரப்பு கண்ணாடிபோல் கிடந்த ஒரு காலையில் இதை நேரில் கண்டிருக்கிறேன். 8 மீட்டர் ஆழத்தில், பாறையில் வேரூன்றியதுபோல் நின்ற ஒரு கடல்விசிறி (விசிறி வடிவப் பவள உயிரி) தன் முழு அகலத்தோடும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஐந்தாறு எண்ணுவதற்குள் நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு சாய்விலும் பக்கத்து மணல் வரிகளின் முகட்டிலிருந்து, தண்ணீரில் பால் கலந்தாற்போல் ஒரு மெல்லிய படலம் எழுந்தது. மேலே அரை மீட்டர் உயரம்கூட இல்லாத அலை கீழே செய்த வேலை அது.

கேள்வி: இறங்குவதா திரும்புவதா என்பதைக் கரையில் நின்றபடியே முடிவு செய்ய என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: சிலிண்டரை முதுகில் ஏற்றுவதற்கு முன், உயரமான ஓரிடத்தில் நின்று இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். இந்த இருபது நிமிடத்தை யாரும் விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெரிய அலைகள் கூட்டம் கூட்டமாக, நடுநடுவே நீண்ட அமைதி விட்டு வருவதால், ஐந்து நிமிடம் மட்டும் பார்ப்பவர் அமைதியை மட்டுமே பார்த்துவிட்டுப் போக நேரிடும். முன்கணிப்பு சொல்லும் அலை உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியே என்பதால், ஏதேனும் ஓர் அலை அதைப்போல் இருமடங்கை நெருங்கவும் கூடும். நீங்கள் இறங்க முடிகிற அலையில் கரையேறவும் முடியுமா என்பதையே கேட்டுக்கொள்ளுங்கள். களைத்த உடலோடு, முதுகில் பாரத்தோடு, கால்களில் ஃபின் எனும் நீச்சல் துடுப்போடு திரும்பும் நேரம்தான் கடினமானது.

காற்றுக்குப் பழைய அளவுகோல் இன்றும் போதும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த அளவுமுறையில் இன்றைய கணக்குப்படி 7 முதல் 10 நாட் வரை மூன்றாம் நிலை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்நுரை தலைகாட்டும். 11 முதல் 16 நாட் வரை நான்காம் நிலை. பார்க்கும் இடமெல்லாம் நுரை தென்படும். கரையை நோக்கி வீசும் காற்று நான்காம் நிலையை எட்டிவிட்டால், திறந்த கரையில் நான் இறங்குவதில்லை. பகலில் நிலம் சூடேறும்போது கடற்காற்று வலுப்பது பல கரைகளின் வழக்கம் என்பதால், காலை எட்டு மணி அமைதியை வைத்துப் பதினொரு மணிக்குக் கரையேறுவதைத் திட்டமிடக் கூடாது.

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றிடம் கூடுதல் கவனம் தேவை. அது கரையோரத்தை வழவழப்பாக்கி நம்மை அழைக்கும். அதன் வலிமையோ கரையை விட்டு விலகிய பிறகுதான் தெரியவரும். தொலைவில் உள்ள நீரின் நிறம் கறுத்து, சிலிர்த்துக்கொண்டிருந்தால், மேற்பரப்பில் நீந்தித் திரும்பும்போது அந்தக் காற்றை எதிர்த்தே வர வேண்டியிருக்கும் என்று பொருள். அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே, உடையாமல் கருமையாகத் தெரியும் இடைவெளியும் அப்படித்தான். இறங்குவதற்கு வசதியான வழிபோல் தோன்றினாலும், கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு அங்கேதான் இருக்கும்.

நீரின் தெளிவைப் பொறுத்தவரை, பொதுவாக ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது வெளிக்கடலின் தெளிந்த நீர் திட்டை நோக்கி வரும். இறங்கும்போது காயலிலும் கழிமுகத்திலும் உள்ள கலங்கல் வெளியே வரும். ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் சிறிது நேரமே பல இடங்களில் சிறந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் மிகுதியாதலால் நீரோட்டமும் வலுத்திருக்கும். அருகில் ஆற்று முகத்துவாரம் இருந்தால், மழைக்குப் பிந்தைய பழுப்பு நீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: ஒரே திட்டில் ஒரே நாளில் முக்குளித்த இருவரில் ஒருவர் பார்வைத்தூரம் 15 மீட்டர் என்கிறார், மற்றவர் 6 மீட்டர் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். நீரின் தெளிவை அளக்க இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865-இல் பயன்படுத்திய வெள்ளைத் தட்டு, மேலிருந்து நேர்கீழாகப் பார்ப்பதற்கானது. முக்குளிப்பவர் பக்கவாட்டில் பார்க்கிறார். அடியை ஒட்டி ஒரு கலங்கல் அடுக்கு இருக்கும் நாளில், 4 மீட்டர் ஆழத்தில் நீந்தியவர் கண்டதும் 12 மீட்டரில் நீந்தியவர் கண்டதும் ஒன்றாக இருக்காது. எனவே யாரிடம் கேட்டாலும், எந்த ஆழத்தில், ஓதத்தின் எந்த நேரத்தில் என்று சேர்த்துக் கேளுங்கள். நீங்களே அளக்க விரும்பினால், மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியை உடன் வருபவர் ஓரிடத்தில் பிடித்திருக்க, அவர் மங்கி மறையும் புள்ளி வரை கயிற்றை விட்டபடி பின்வாங்குங்கள். பிறகு முடிச்சுகளை எண்ணுங்கள். கலங்கல் மிகுந்த நாளில் கயிற்றை இருவருமே கைவிடாதீர்கள்.