பக்கம் பக்கமா லிஸ்ட் அனுப்புறது: கேள்வியளும் என்ர பதிலும்

திருமலையில ஏபிஐ (ஆப் கேக்கிற தரவைச் சேர்வர்ல இருந்து குடுக்கிற வழி) எழுதுற பெடியள் பெட்டையள் எல்லாரும் இந்தக் கிழமை பேஜினேஷனை, அதாவது நீளமான லிஸ்ட்டைப் பக்கம் பக்கமாப் பிரிச்சு அனுப்புறதைப் பத்தித்தான் கேட்டிருக்கிறீங்கள். நான் நாளாந்தம் வேலை செய்யிறது லாராவெல் எண்ட பிஎச்பி ஃபிரேம்வேர்க்கும் போஸ்ட்கிரெஸ் எண்ட டேட்டாபேஸும், அதுக்கு வெளியில எண்டா சுருக்கமாத்தான் சொல்லுவன்.

கேள்வி (உப்புவெளி): அக்கா, எங்கட ஏபிஐ வெறும் அரேயைத்தான் (சாமானை வரிசையா அடுக்கின லிஸ்ட்) அனுப்புது. மொத்தம் எத்தினை, இது எத்தினையாம் பக்கம் எண்டதை எங்க போடுறது?

அரேக்குள்ள அதுக்கு இடமில்லைத் தம்பி. வெளியால பேர் போட்ட பெட்டி மாதிரி ஒரு ஆப்ஜெக்ட் போட்டு, டேட்டா எண்டதுக்குள்ள சாமான், மெட்டா எண்டதுக்குள்ள எண்ணிக்கையள், லிங்க்ஸ் எண்டதுக்குள்ள முதல், முந்தின, அடுத்த, கடைசிப் பக்கத்திட முகவரி எண்டு வையுங்கோ. லாராவெல்ல பேஜினேட் பண்ணினதை ரிசோர்ஸ் கலெக்‌ஷனுக்குள்ளால அனுப்பினா இந்த மூண்டும் தானா வரும். ஆனா உங்கட ஆப் ஏற்கனவே ஆக்களிட போன்ல இருக்குது எண்டா அரேயைத் திடீரெண்டு ஆப்ஜெக்ட் ஆக்காதேங்கோ, பழைய ஆப் எல்லாம் அண்டைக்கே விழுந்துடும். புது வேர்ஷன் முகவரி ஒண்டில தொடங்குங்கோ.

கேள்வி (சல்லி): மீன் ஏல ஆப் ஒண்டு செய்யிறன். பிடிபட்ட மீனை போட்காரர் பதிவினம், யாவாரிமார் பாத்து விலை கேப்பினம். ரெண்டாம் பக்கத்துக்குப் போனா முதல் பக்கத்தில பாத்த மீனே திரும்ப வருது. ஏன்?

இதைக் கொஞ்சம் ஆறுதலாப் பாப்பம், ஏனெண்டா இது ஸ்கிரீன்ல வாற சின்னப் பிழை இல்லை, ஒராளிட உழைப்பு காணாமப் போற விசயம்.

நீங்கள் ஆஃப்செட் பாவிக்கிறீங்கள், அதாவது முதல் 20ஐ விட்டுட்டு அடுத்த 20ஐத் தா எண்டு கேக்கிறீங்கள். விடியப்புறம் யாவாரி முதல் பக்கத்தைப் பாத்துக்கொண்டிருக்கேக்க மூண்டு போட் கரைக்கு வந்து சூரையும் பாரையும் பதியுது, புதுசு மேல ஏற 18, 19, 20ல இருந்தது 21, 22, 23க்கு இறங்குது, அவர் ரெண்டாம் பக்கத்தை அமத்த அதே மூண்டும் திரும்ப வருது. இது கண்ணுக்குத் தெரியிற பிழை. தெரியாத பிழைதான் மோசம்: முதல் பக்கத்தில இருந்த மூண்டு வித்து லிஸ்ட்டை விட்டுப் போனா, 21, 22, 23ல இருந்தது மேல ஏறி 18, 19, 20 ஆகுது, ரெண்டாம் பக்கமோ 21ல இருந்துதான் தொடங்கும், அப்ப அந்த மூண்டு பேரிட மீனை யாவாரி காணவே மாட்டார்.

அதால இடத்தை எண்ணாதேங்கோ, கடைசியாப் பாத்த ரெக்கோட்டைப் பிடிச்சு வையுங்கோ. கடைசி மீன் பதிஞ்ச நேரமும் அதிட ஐடியும் சேந்ததுதான் கர்சர், இதுக்கு முந்திப் பதிஞ்சதில 21ஐத் தா எண்டு கேளுங்கோ, 20ஐ அனுப்புங்கோ, இருபத்தோராவது கிடைச்சா அடுத்த பக்கம் இருக்கு எண்டு அர்த்தம். நேரம் மட்டும் போதாது, ரெண்டு போட் ஒரே செக்கனில பதியும், அதால ஓடர்ல (அடுக்கிற ஒழுங்கில) கடைசியா ஐடி கட்டாயம் வேணும், ரெண்டு கொலத்துக்கும் சேத்து ஒரு இன்டெக்ஸும் (டேட்டாபேஸ் கெதியாத் தேட உதவுற அட்டவணை) போடுங்கோ. லாராவெல் 8ல இருந்து கர்சர் பேஜினேட் கூடவே வருது. கர்சரை பேஸ்64ல (வேற எழுத்துக்களா மாத்தி எழுதிற ஒரு முறை) சுத்தி அனுப்பினா கிளையண்ட் எழுதிற ஆக்கள் அதைப் பிரிச்சு தாங்களா ஒண்டைக் கட்ட யோசிக்க மாட்டினம், ஆனா அது பூட்டு இல்லை, ரகசியம் ஒண்டும் அதுக்குள்ள வைக்காதேங்கோ. விலைப்படி ஓடர் பண்ணினா கவனம், ஏலம் நடக்கேக்க விலை மாறும், அப்ப கர்சரும் காப்பாத்தாது.

கேள்வி (மூதூர்): மொத்த எண்ணிக்கை எடுக்கிற கவுண்ட்தான் எங்கட ஏபிஐல ஆக மெதுவா இருக்கு. என்ன செய்யலாம்?

போஸ்ட்கிரெஸ் மொத்தத்தை எங்கயும் எழுதி வைக்கிறதில்லை, கேக்கிற ஒவ்வொரு முறையும் எந்த ரெக்கோட் உங்கட டிரான்ஸாக்‌ஷனுக்கு (ஒண்டாச் சேத்து நடக்கிற டேட்டாபேஸ் வேலைக்கு) தெரியலாம் எண்டு பாத்து எண்ணித்தான் சொல்லும். முதல்ல உந்த மொத்தத்தை வச்சு ஆர் என்ன செய்யினம் எண்டு கேளுங்கோ. கீழ கீழ இழுத்துப் பாக்கிற ஸ்கிரீனுக்கு அடுத்தது இருக்கா இல்லையா எண்டது போதும். லாராவெல்ல சிம்பிள் பேஜினேட், ஜாவாவில எழுதிற ஸ்பிரிங் ஃபிரேம்வேர்க்ல பேஜுக்குப் பதிலா ஸ்லைஸ், ரெண்டும் ஒண்டு கூட எடுத்துப் பாத்து கவுண்ட்டைத் தவிர்க்கும்.

கேள்வி (கிண்ணியா): தங்கச்சி, மெட்டாவை பொடிக்குள்ள (பதிலிட உள்ளடக்கத்துக்குள்ள) போடச் சொன்னது பிழை. பதிலோட தனியா வாற தகவல் வரி, லிங்க் ஹெடர், எதுக்கு இருக்கு? கோட் வைக்கிற தளம் கிட்ஹப்பே அப்பிடித்தான் செய்யுது.

செய்யுதுதான் அண்ணை, அதுக்கான இணையத் தரநிலை ஆர்எஃப்சி 8288ம் 2017ல இருந்து இருக்கு. ஆனா நான் ஒரு பின்னேரம் முழுக்க இதில மினக்கெட்டனான். ஃப்ரண்ட்எண்ட் ஒரு டொமைன்ல, ஏபிஐ இன்னொண்டில, ஏபிஐயைச் சோதிக்கிற போஸ்ட்மேன்ல ஹெடர் வடிவாத் தெரியுது, பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்டுக்கு நல் (ஒண்டும் இல்லை) எண்டு வருது. வேற டொமைன்ல இருந்து வாற ரெஸ்பொன்ஸ்ல பிரவுசர் ஒரு சில ஹெடரைத்தான் வாசிக்க விடும், லிங்க் அதுக்குள்ள இல்லை. அக்சஸ் கன்ட்ரோல் எக்ஸ்போஸ் ஹெடர்ஸ்ல பேர் குடுத்தாத்தான் தெரியும்.

கிண்ணியா அண்ணை திரும்ப: அது ஒரு வரி செட்டிங். அதுக்காக ஒவ்வொரு லிஸ்ட்டையும் உறையில போட வேணுமா? ஹெடர் எண்டா அரே அரேயாவே இருக்கும், பழைய கிளையண்ட் உடையாது.

அந்தக் கடைசிக் கதை சரி அண்ணை, ஒத்துக்கொள்ளுறன். உப்புவெளித் தம்பி, புது வேர்ஷன் தொடங்க ஏலாட்டி அண்ணை சொல்லுற மாதிரி ஹெடர்ல போடுங்கோ.

குறுக்கால சல்லித் தம்பி: எங்கட ஆப் கடலுக்க சிக்னல் இல்லாத நேரத்துக்கு எண்டு ஜேசனை (ஏபிஐ எழுத்தா அனுப்புற தரவை) போன்ல சேமிக்குது. ஹெடர் அதில வராதே?

இதுதான் நான் பொடியில நிக்கிறதுக்குக் காரணம். சேமிச்சாலும், ஃபைலா எடுத்து இன்னொராளுக்கு அனுப்பினாலும் அடுத்த லிங்க் சாமானோட ஒட்டி இருக்கும். ஹெடரையும் சேத்துச் சேமிக்கலாம் எண்டு அண்ணை சொல்லுவார், சேமிக்கலாம்தான், ஆனா அதை மறக்காமச் செய்த ஆப் ஒண்டை நான் இன்னும் காணேல்ல. புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு என்ர பதில் பொடிதான்.

கேள்வி: பக்கம் 0ல தொடங்கிறதா 1லயா?

1. ஸ்பிரிங்ல வேலை செய்யிறவை பாத்துக்கொள்ளுங்கோ, அது 0ல தொடங்கும்.

கேள்வி: இல்லாத பக்கத்தைக் கேட்டா 404 (காணேல்ல எண்ட கோட்) குடுக்கிறதா?

பைதன்ல இருக்கிற ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வேர்க் 404 குடுக்கும், நான் வெறும் அரேயோட 200 (சரி எண்ட கோட்) குடுப்பன். லிஸ்ட் இருக்கு, அந்த இடத்தில சாமான் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: மொத்த எண்ணிக்கை கட்டாயமா?

மூதூருக்குச் சொன்னதை வாசியுங்கோ.

கேள்வி: எனக்கும் ஒரே ரெக்கோட் ரெண்டு பக்கத்தில வருது, ஆனா புதுசா ஒண்டும் சேரேல்ல, அழியவும் இல்லை.

ஓடர்ல கடைசியா ஐடி இருக்கா? இல்லாட்டி ஒரே நேரம், ஒரே விலை உள்ளதுகளை டேட்டாபேஸ் தன்ர பாட்டுக்கு மாத்தி மாத்தி அடுக்கும். ஐடியைப் போடுங்கோ. சல்லித் தம்பிக்கும் இதைத்தான் சொன்னன்.

கேள்வி: கிராஃப்கியூஎல்ல (இன்னொரு ஏபிஐ முறை) எப்பிடி?

என்ர வேலை இல்லை. பேஜ்இன்ஃபோ எண்டதைத் தேடிப் பாருங்கோ.

கேள்வி (நிலாவெளி): ஹோட்டல் அறை லிஸ்ட்ல ரெண்டு கட்டில் எண்டு ஃபில்டர் போட்டா முதல் பக்கம் சரி, அடுத்த லிங்க்கை அமத்த எல்லா அறையும் வருது. லிங்க்கும் எச்டிடிபிஎஸ்ல இல்லாம எச்டிடிபில வருது.

நல்ல கேள்வி தம்பி. ஃபில்டர், ஓடர், லிமிட் (ஒரு பக்கத்துக்கு எத்தினை எண்டது) எல்லாம் அடுத்த லிங்க்குக்குள்ள இருக்க வேணும், லாராவெல்ல வித் குவெரி ஸ்ட்ரிங் எண்டு ஒரு சொல் சேத்தாப் போதும். எச்டிடிபி வாறது உங்கட சேர்வருக்கு முன்னால ஒரு பிராக்ஸி (இடையில நிண்டு கேள்வியைக் கடத்திற சேர்வர்) நிக்கிறதால, டிரஸ்ட் பிராக்ஸீஸ்ல அதைக் குடுங்கோ. லிமிட்டுக்கும் ஒரு உச்சம் வையுங்கோ, கிட்ஹப் 100க்கு மேல குடுக்காது. ரெண்டையும் செய்திட்டு ரெண்டாம் பக்கத்திட ஜேசனை இங்க ஒட்டி விடுங்கோ, பாத்துச் சொல்லுறன். ஓடர்ல ஐடி இருக்கா எண்டதையும் எழுதுங்கோ.