பத்தே நிமிடத்தில் மார்பக எம்.ஆர்.ஐ.: கேள்வி பதில்

கே: முக்கால் மணி நேரப் பரிசோதனையைப் பத்து நிமிடமாகச் சுருக்கினால் கட்டி எதுவும் விட்டுப்போகாதா, டாக்டர்?

ப: புற்றுக்கட்டி தனக்காக வளர்த்துக்கொள்ளும் ரத்தக்குழாய்கள் கசியும். அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் பளிச்சென்று தெரிய ரத்தக்குழாயில் ஏற்றுவது) முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே அங்கே ஏறிவிடும். மருந்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்துக் கழித்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதன் பிறகு எடுக்கும் படங்கள் பெரும்பாலும் கட்டியின் குணத்தைச் சொல்பவை; அவற்றைத்தான் இங்கே விடுகிறோம். ஜெர்மனியில் கிறிஸ்டியானே கூல் குழு 2014-இல் இதைக் காட்டியது. அடர்த்தியான மார்பகம் கொண்ட 1,444 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது: 23 பேருக்குப் புற்று, சுருக்க எம்.ஆர்.ஐ. 22 பேரிடம் கண்டுபிடித்தது, முப்பரிமாண மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) 9 பேரிடம்தான்.

கே: அப்படியானால் மேமோகிராமை விட்டுவிடலாமா?

ப: வேண்டாம். ஆரம்பநிலைப் புற்றின் சுண்ணாம்புத் துகள்கள் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. மார்பகத்தைத் தொடும்போது கட்டி தட்டுப்பட்டால் ஸ்கிரீனிங்குக்கு (அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனைக்கு) வரவே வேண்டாம். நேராக நோயறியும் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுங்கள்.

கே: எந்த நாளில் வர வேண்டும்?

ப: மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள். மற்ற நாட்களில் சாதாரணத் திசுவே மருந்தை அதிகம் இழுக்கும்.

கே: நான் டெக்னீஷியன். கழித்த படம் கலங்கலாக வருகிறதே, ஏன்?

ப: இரண்டு படங்களுக்கு நடுவே நோயாளி அசைந்திருப்பார். குப்புறப் படுக்கவைக்கும் முன்பே கையில் கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட்டுவிடுங்கள். மார்பகம் காயிலுக்குள் (சமிக்ஞையை வாங்கும் கூடு) மடிப்பின்றித் தொங்கட்டும். தோல் மடிந்தால் அங்கே கொழுப்பின் வெளிச்சம் சரியாக அடங்காது. மருந்து ஏறும்போது கை சில்லிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பலர் திடுக்கிட மாட்டார்கள். அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல்: 0.5 மோலார் மருந்தானால் 60 கிலோவுக்கு 12 மி.லி., நொடிக்கு 2 மி.லி. வேகம், பின்னாலேயே 20 மி.லி. சலைன். படத்தின் வெளிச்ச வேறுபாட்டைத் தீர்மானிக்கும் மையத் தரவு மருந்து ஏறிய 60 முதல் 90 நொடிக்குள் பதிவாக வேண்டும். தாமதித்தால் சுற்றியுள்ள திசுவும் வெளுத்துக் கட்டியை மறைத்துவிடும்.

கே: எங்கள் மருத்துவமனையில் தொடங்கப்போகிறோம். முதலில் எதைத் தயார் செய்வது?

ப: பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) வழியை. மேலே சொன்ன 1,444 பெண்கள் ஆய்வில் புற்று இல்லாத நூறு பேரில் சுமார் 13 பேருக்கு எம்.ஆர்.ஐ. சந்தேகம் காட்டியது, மேமோகிராமில் அது 3 பேர்தான். பாதிப் பேருக்கு மேல் அல்ட்ராசவுண்டில் தெளிவாகிவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. எம்.ஆர்.ஐ. உதவியுடன் பயாப்சி செய்யும் இடத்தை முடிவு செய்யாமல் முதல் பெண்ணைப் படுக்கவைப்பதை என்னால் ஏற்க முடியாது. சந்தேகத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கே: சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர், கர்ப்பம்?

ப: கர்ப்பிணிகளுக்கு கேடோலினியம் (இந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது) கொடுப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, மேக்ரோசைக்ளிக் வகை (கேடோலினியத்தை இறுக்கமாகப் பிடித்துவைக்கும்) மருந்தைத் தேர்ந்தெடுப்போம். பேஸ்மேக்கர் அட்டையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். மாடலைப் பார்த்த பிறகே அறைக்குள் விடுவோம்.