ஆயிரம் யார்டுக்கு எந்த தோட்டா? முதல் ரைபிள் வாங்கப்போற ஒருத்தரோட கேள்விக்கு பதில்

அரிசோனா ஃபீனிக்ஸ்ல இருக்குற ஒரு வாசகர் எழுதியிருக்காரு. கிரீன் கார்டு வந்து ஒரு வருஷம் ஆச்சாம், கூட வேலை பாக்குறவர் பென் ஏவரி ரேஞ்சுக்கு கூட்டிட்டு போய் 1000 யார்டு எஃப்-கிளாஸ் மேட்ச் காட்டியிருக்காரு, அதுல இருந்து தூக்கம் வரலையாம். கடைக்காரர் .308 வாங்குங்கன்னு சொல்றாரு, நண்பர் .300 வின்செஸ்டர் மேக்னம் தான் அவ்ளோ தூரத்துக்கு சரின்னு சொல்றாரு, வீடியோல எல்லாம் 6.5 கிரீட்மோர்னு சொல்றாங்க, நான் எத வாங்குறதுன்னு கேட்டிருக்காரு.

நேரா பதில் சொல்லிடுறேன், அப்புறம் காரணம். நீங்க எஃப்-கிளாஸ்ல எஃப்-டிஆர்ங்கற பிரிவுல சுடணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா .308, வேற பேச்சே இல்ல. அந்த முடிவு இன்னும் எடுக்கலைன்னா 6.5 கிரீட்மோர். .300 மேக்னம் இப்போதைக்கு வேண்டாம், தயவு செஞ்சு வேண்டாம்.

ஏன் பிரிவ முதல்ல கேக்குறேன்னா, ரூல் புக்கு தான் பாதி முடிவ எடுத்துடும். எஃப்-கிளாஸ்ங்கறது கனடாக்காரர் ஜார்ஜ் ஃபர்குஹார்சன் ஆரம்பிச்சது, அந்த எஃப் அவர் பேர்ல இருந்து வந்தது தான், படுத்துக்கிட்டு, ரைபிள முன்னாடி பக்கம் தாங்கி வச்சு, ஸ்கோப் போட்டு சுடுறது. இதுல ரெண்டு பிரிவு. எஃப்-டிஆர்ல .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ரெண்டே ரெண்டு தோட்டாவுக்கு தான் அனுமதி, ரைபிள் பைபாடோட (முன்பக்கம் மாட்டுற ரெண்டு கால் தாங்கி) சேத்து 8.25 கிலோவுக்குள்ள இருக்கணும். எஃப்-ஓப்பன்ல .35 காலிபர் (புல்லட் விட்டம்) வரைக்கும் எது வேணா கொண்டு வரலாம், 10 கிலோ வரைக்கும் எடை, அங்க மேல இருக்குறவங்க நிறைய பேர் .284 வின்செஸ்டர் மாதிரி 7 மில்லிமீட்டர் தோட்டா தான் வச்சிருப்பாங்க. நீங்க பாத்த மேட்ச்ல பைபாட் போட்டு சுட்டவங்கள பாத்து ஆசைப்பட்டீங்களா, தரையில வைக்குற பெரிய தாங்கி (ரெஸ்ட்) வச்சு சுட்டவங்கள பாத்தா? அத யோசிச்சு பாருங்க. 6.5 வாங்கிட்டு எஃப்-டிஆர் லைன்ல போய் நின்னா சேத்துக்க மாட்டாங்க, ஓப்பன்ல போய் சுடுங்கன்னு தான் சொல்லுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். புதுசா வர்றவங்க எல்லாரும் தோட்டா எவ்ளோ கீழ விழும்னு தான் முதல்ல கேப்பாங்க. 100 யார்டுல ஜீரோ பண்ணின (அந்த தூரத்துல குறி சரியா விழுற மாதிரி ஸ்கோப்ப வச்ச) .308, 175 கிரெயின் எடை மேட்ச் புல்லட் (தோட்டாவுல இருந்து பறந்து போற முனை), செகண்டுக்கு 2600 அடி வேகம், இது 1000 யார்டு போறதுக்குள்ள சுமாரா 35 அடி கீழ இறங்கிடும். 6.5 கிரீட்மோர்ல 140 கிரெயின் புல்லட் 2700 அடி வேகத்துல கிளம்பினா சுமார் 27 அடி. கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா இது பிரச்சினையே இல்ல, ஏன்னா புவியீர்ப்பு தினமும் ஒரே மாதிரி தான் இழுக்குது, ஒரு தடவ கணக்கு போட்டு ஸ்கோப்ல திருப்பி வச்சுட்டா வேல முடிஞ்சுது. காத்து அப்படி இல்ல. காத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மாறும், நீங்க படுத்திருக்குற இடத்துல ஒண்ணு, 500 யார்டுல வேற, டார்கெட் கிட்ட மண்மேடு மேல வேற.

அதனால நான் தோட்டாவ எடை போடுறது காத்த வச்சு தான். அதே .308 புல்லட்ட பக்கவாட்டுல அடிக்குற மணிக்கு ஒரு மைல் வேக காத்து 1000 யார்டுல சுமாரா 10 இன்ச் தள்ளும், 6.5-ஐ சுமார் 7 இன்ச். மூணு இன்ச் தானேன்னு தோணும். எஃப்-கிளாஸ் டார்கெட்ல 1000 யார்டுக்கு பத்து மார்க் வளையத்தோட மொத்த அகலமே 10 இன்ச், அதாவது நடுவுல இருந்து ஓரத்துக்கு 5 இன்ச், உள்ள இருக்குற எக்ஸ் வளையம் 5 இன்ச் அகலம். நீங்க காத்து வேகத்த அரை மைல் தப்பா கணிச்சீங்கன்னு வைங்க, .308 சரியா பத்தோட கோட்டு மேல போய் உக்காரும், 6.5 இன்னும் உள்ளயே இருக்கும். அரை மைல் வித்தியாசத்த கண்ணால கொடிய பாத்து கண்டுபிடிக்கிறது இருக்கே, பத்து வருஷம் சுட்டவங்களுக்கே கஷ்டம். 6.5-க்கு இவ்ளோ பேர் மாறினதுக்கு முதல் காரணம் இது தான்னு நான் நினைக்கிறேன்.

அப்ப இன்னும் பெரிய தோட்டா இன்னும் நல்லா காத்த வெட்டுமேன்னு உங்க நண்பர் சொல்றது நியாயம் தான். ஆனா கடையில கிடைக்குற 190 கிரெயின் மேட்ச் புல்லட் போட்ட .300 மேக்னத்த எடுத்து 6.5 பக்கத்துல வச்சு பாத்தா காத்துல பெருசா வித்தியாசம் வராது, ஏன்னா 6.5-ல வர்ற புல்லட் ஒல்லியா நீளமா காத்த கிழிக்குற வடிவத்துல இருக்கு, மேக்னத்துல நல்ல பலன் எடுக்கணும்னா 200 கிரெயினுக்கு மேல கனமான நீளமான புல்லட்டும் மருந்தும் போட்டு நாமளே தோட்டா கட்டணும். சுடும்போது தோள்ல அடிக்குற உதைப்பு மட்டும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மஸில் பிரேக் (உதைப்ப குறைக்க குழாய் முனையில மாட்டுறது) போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, எஃப்-கிளாஸ்ல அதுக்கு அனுமதி கிடையாது. பேரலும் (துப்பாக்கி குழாய்) 1500 ரவுண்டு வாக்குல சோர்ந்து போயிடும்.

உதைப்ப பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். நான் ஆரம்பத்துல ஒரு பெரிய மேக்னம் தான் வாங்கினேன். முதல் இருபது ரவுண்டு சந்தோஷமா இருந்துச்சு, அதுக்கு மேல ட்ரிகர் மேல விரல் போறதுக்கு முன்னாடியே தோள் இறுகிடும், கண் மூடிக்கும், அது எனக்கு தெரியக்கூட இல்ல, பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் காலி தோட்டாவ எனக்கு தெரியாம சேம்பர்ல போட்டு கொடுத்தப்ப ரைபிள் மூக்கு குனிஞ்சத பாத்து தான் புரிஞ்சுது. அந்த பழக்கத்த உடம்புல இருந்து எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு மேட்ச்னா அறுபது ரவுண்டுக்கு மேல போகும், அந்த அறுபதாவது ரவுண்டுலயும் முதல் ரவுண்டு மாதிரியே அமுக்க முடியணும். உதைப்பு கம்மியா இருந்தா இன்னொரு லாபம், சுட்ட உடனே ஸ்கோப் டார்கெட்ட விட்டு எகிறாது, புல்லட் ஒன்றரை செகண்டு கழிச்சு எங்க விழுதுன்னு நீங்களே பாக்கலாம். பிஆர்எஸ் மாதிரி இரும்பு பிளேட் மேட்ச்சுல இருக்குறவங்க 6.5-ஐயும் விட்டுட்டு 6 மில்லிமீட்டர் டேஷர், ஜிடின்னு சின்ன தோட்டாவுக்கு போனது இதுக்காக தான்.

.308-ஐ நான் மட்டம் தட்டலைங்க. 1952-ல வந்தது, இன்னைக்கும் எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும், பேரல் 5000 ரவுண்டுக்கு மேல தாங்கும், காத்து படிக்க கத்துக்கொடுக்குறதுல அத மிஞ்சின வாத்தியார் கிடையாது, ஏன்னா தப்ப மன்னிக்காது. ஆனா ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. 1000 யார்டு போய் சேரும்போது அதோட வேகம் செகண்டுக்கு 1200 அடி பக்கம் வந்துடும், ஒலியோட வேகம் 1125 அடி பக்கம், அந்த எல்லைய நெருங்கும்போது புல்லட் தள்ளாட ஆரம்பிக்கும். எல்லா புல்லட்டும் ஒரே மாதிரி தள்ளாடாது. 168 கிரெயின் சியரா மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்குன்னு வடிவமைச்சது, அதோட வால் பக்க சரிவு அதிகம், 600 யார்டு வரைக்கும் அருமையா இருக்கும், 1000-ல டார்கெட் பேப்பர்ல வட்ட ஓட்டைக்கு பதிலா பக்கவாட்டுல நுழைஞ்ச சாவித்துவாரம் மாதிரி ஓட்டை வரலாம். கடைக்காரர் மேட்ச் தோட்டான்னு சொல்லி 168 பெட்டிய கைல கொடுத்தா வாங்கிக்காதீங்க, 175-ஓ அதுக்கு மேலயோ கேளுங்க. 6.5 அந்த தூரத்துல இன்னும் 1400 அடிக்கு மேல வேகத்தோட போகுது, இந்த தலவலி இல்ல.

கிரீட்மோர்ங்கற பேர் எங்க இருந்து வந்துச்சுன்னு நிறைய பேருக்கு தெரியாது, எனக்கு ரொம்ப பிடிச்ச கத அது. நியூயார்க் குயின்ஸ்ல இருந்த ஒரு ரேஞ்ச் தான் கிரீட்மோர். 1874 செப்டம்பர்ல அயர்லாந்து டீமும் அமெரிக்க டீமும் அங்க 800, 900, 1000 யார்டுல மோதினாங்க, அயர்லாந்துக்காரங்க வாய் வழியா மருந்து போட்டு கெட்டிக்குற பழைய மாதிரி ரைபிள், அமெரிக்காக்காரங்க பின்பக்கம் தோட்டா சொருகுற புது மாதிரி. முடிவு 934-க்கு 931, மூணே மூணு பாயிண்ட். அயர்லாந்து டீம்ல ஒருத்தர் நட்ட நடுவுல அடிச்சாரு, ஆனா பக்கத்து டார்கெட்ல, அதுக்கு பூஜ்யம் போட்டாங்க, மேட்ச்சே போச்சு. அதனால லைன்ல படுத்ததும் உங்க டார்கெட் நம்பர ஒவ்வொரு தடவையும் பாருங்க, நூத்தைம்பது வருஷம் ஆகியும் அந்த தப்பு நடந்துக்கிட்டே தான் இருக்கு. அந்த ரேஞ்ச் பேர வச்சிருந்த கிரீட்மோர் ஸ்போர்ட்ஸ் கம்பெனி பேர்ல தான் ஹார்னடிங்கற தோட்டா கம்பெனி 2007-ல 6.5 கிரீட்மோர வெளியிட்டாங்க, மேட்ச் சுடுறவன் கடையில பெட்டி வாங்கி நேரா சுடணும், வீட்ல தோட்டா கட்டித்தான் ஆகணும்னு இருக்கக்கூடாதுன்னு நினைச்சு செஞ்சது. உங்கள மாதிரி முதல் ரைபிள் வாங்குறவருக்கு அது பெரிய விஷயம்.

6.5 வாங்கும்போது பேரல் ட்விஸ்ட் (உள்ள இருக்குற சுருள் வரி) 8 இன்ச்சுக்கு ஒரு சுத்தா இருக்கான்னு பாருங்க, நீளமான புல்லட்டுக்கு அது வேணும். ஸ்கோப் ரெயில் (ஸ்கோப்ப மாட்டுற பட்டை) 20 எம்ஓஏ (ஒரு கோண அளவு) சரிவோட வாங்குங்க, தட்டையா வாங்கினா 1000 யார்டுக்கு திருப்புறதுக்குள்ள நிறைய ஸ்கோப்ல திருகு முடிஞ்சிடும்.

செலவு. 6.5 பேரல் ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரம் ரவுண்டு வரைக்கும் நல்லா இருக்கும். மாசம் நூறு ரவுண்டு சுட்டா சுமார் ரெண்டு வருஷம் வரும், அதுக்கப்புறம் புது பேரலுக்கு காசு எடுத்து வைக்கணும், இத இப்பவே கணக்குல சேத்துக்கோங்க. உண்மைய சொன்னா பேரல விட தோட்டாவுக்கு தான் அதிகமா செலவு பண்ணுவீங்க. அதனால ரைபிள் விலைய கொஞ்சம் குறைச்சு, மிச்ச காசுல ஒரே லாட் நம்பர் போட்ட (ஒரே தடவையில தயாரிச்ச) தோட்டா மொத்தமா வாங்குங்க. லாட் ஏன் முக்கியம்னா, ஒரு பெட்டிக்குள்ளயே வேகம் 50 அடி முன்ன பின்ன இருந்தா 1000 யார்டுல மேல கீழ ஒரு அடி விலகிடும், பத்து மார்க் வளையமே அத விட சின்னது. முதல்ல ரெண்டு மூணு கம்பெனி மேட்ச் தோட்டா, ஹார்னடி, ஃபெடரல், பெர்கர்னு ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கி, க்ரோனோகிராஃப் (வேகம் அளக்குற கருவி) இரவல் வாங்கி வேகம் எழுதி வைங்க, உங்க ரைபிளுக்கு எது பிடிக்குதுன்னு ரைபிள் தான் சொல்லணும், நானோ கடைக்காரரோ சொல்ல முடியாது.

கூடவே ஒரு .22 ரைபிளும் வாங்குங்க. செகண்டுக்கு 1070 அடி வேகத்துல போற சாதாரண 40 கிரெயின் .22 தோட்டாவ 200 யார்டுல சுட்டு பாருங்க, காத்து அத தூக்கி எறியும், காத்து படிக்க இத விட மலிவான பள்ளிக்கூடம் இல்ல.

உங்க ஊருக்குன்னு ஒண்ணு. ஃபீனிக்ஸ் வெயில்ல தோட்டா பெட்டிய வெயில்ல வைக்காதீங்க, சுட்டு சூடான பேரல்ல தோட்டாவ ஏத்தி வச்சுட்டு காத்துக்காக ரெண்டு நிமிஷம் காத்திருக்காதீங்க, மருந்து சூடானா வேகம் ஏறும், புல்லட் மேல போகும், நீங்க ஸ்கோப்ப சந்தேகப்பட ஆரம்பிச்சிடுவீங்க. அப்புறம் பக்கத்து மாநிலம் நியூ மெக்சிகோ ராட்டன்ல விட்டிங்டன் சென்டர் ரேஞ்ச் 6000 அடிக்கு மேல உயரத்துல இருக்கு, அங்க காத்தோட அடர்த்தி கம்மி, வீட்டு ரேஞ்சுல வச்ச ஸ்கோப் நம்பர அப்படியே கொண்டு போனீங்கன்னா டார்கெட்டுக்கு மேல தான் போகும், திரும்ப கணக்கு போடணும்.

இத படிக்கிற மத்த நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒரு விஷயம். கிரீன் கார்டு இருக்குறவருக்கு இது பிரச்சினை இல்ல. எச்-1பி மாதிரி தற்காலிக விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கைல வச்சிருக்குறதே அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி குற்றம், செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தான் இருக்கு. நண்பர் கூப்பிட்டாருன்னு ரேஞ்சுல ஒரு ரவுண்டு சுட்டு பாக்குறதும் இதுல வரும். விசா, கிரீன் கார்டு எல்லாம் போயிடக்கூடிய விஷயம், வக்கீல்கிட்ட கேக்காம தொடாதீங்க.

பாதுகாப்புல ஒண்ணே ஒண்ணு அழுத்தி சொல்றேன். பெஞ்ச் மேல ஒரு நேரத்துல ஒரே வகை தோட்டா தான் இருக்கணும். .300 பிளாக்கவுட் தோட்டா .223 ரைபிள்ல நுழைஞ்சுக்கும், சுட்டா ரைபிள் வெடிச்சிடும், அப்படி நடந்திருக்கு. ரெண்டாவது ரைபிள் வாங்கினா அதோட தோட்டா வேற பையில, வேற கலர் லேபிளோட இருக்கட்டும்.

முதல் மேட்ச்சுக்கு முன்னாடி 300-லயும் 600-லயும் நாலஞ்சு தடவ சுட்டு, ஒவ்வொரு ரவுண்டுக்கும் காத்து என்னன்னு நினைச்சீங்க, எங்க விழுந்துச்சு, ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதுங்க. 600-ல உங்க பத்து ரவுண்டு மேல கீழ 6 இன்ச்சுக்குள்ள நின்னுச்சுன்னா 1000-க்கு போகலாம். நிக்கலைன்னா அந்த நோட்டையும் தோட்டா பெட்டி லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பிரச்சினை தோட்டா வேகத்துலயா, உதைப்புலயான்னு பாத்து சொல்றேன்.