கேள்வி-பதில்: முதல் கேள்வியை அம்மாவிடம் கேட்காதீர்கள்

வளரிளம் பருவத்து நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று பார்மசி மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவற்றில் சில.

14 வயது ஆஸ்துமா பையன். எது கேட்டாலும் அம்மாதான் பதில் சொல்கிறார், அவன் தரையைப் பார்த்தபடி இருக்கிறான். யாருக்கு விளக்குவது? (ஃபார்ம்.டி இன்டர்ன்)

அவனுக்குத்தான். இன்ஹேலரை இழுக்கப்போவது அவன். முதல் கேள்வியை அவனிடம் கேளுங்கள். அம்மா முந்திக்கொண்டால், "சரிங்கம்மா, தம்பி சொல்லட்டும், விட்டதை நீங்க சொல்லுங்க" என்று மறுபடி அவனிடமே திரும்புங்கள். "ஒழுங்கா எடுக்கிறியா?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் உண்மை வரும். அப்புறம் டம்மி இன்ஹேலரைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். குலுக்குகிறானா, மூச்சை வெளியே விட்டுவிட்டு ஆரம்பிக்கிறானா, மெதுவாக இழுத்துப் பத்து விநாடி அடக்குகிறானா என்று பாருங்கள். இந்த வயதில் பெரிய தடை, நண்பர்கள் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். தடுப்பு இன்ஹேலரைப் பெரும்பாலும் காலையும் இரவும் வீட்டிலேயே எடுத்துவிடலாம், பள்ளிப் பையில் இருக்க வேண்டியது அவசரத்துக்கான இன்ஹேலர் மட்டும்தான் என்று சொன்னாலே பாதித் தயக்கம் போய்விடும்.

டீன் ஏஜ் கவுன்சலிங் பற்றி நோட்ஸ் அனுப்பவும், அவசரம். (டி.பார்ம் மாணவர்)

என்ன மருந்து, என்ன வயது, யாரோடு வந்தார், எதுவும் எழுதாமல் நோட்ஸ் கேட்டால் என்ன அனுப்புவது? ஒரு நோயாளியிடம் பேசிவிட்டு, எங்கே தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். கட்டாயம் பதில் தருகிறேன்.

கோயில் திருவிழாவுக்காக 13 வயது மகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போக மாத்திரை கேட்கிறார் ஒரு அம்மா. மகளும் பக்கத்தில் நிற்கிறாள். என்ன பேசுவது? (மருந்துக்கடைப் பயிற்சியில் இருப்பவர்)

வயதைச் சொன்னீர்கள், அவள் வயதுக்கு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லவில்லை. இங்கே அதுதான் முக்கியம். முதல் ஓரிரு வருடம் சுழற்சி சீராக இருக்காது, தேதியைக் கணக்குப் போட்டு மாத்திரை தொடங்குவது சரிவராது. இதற்குத் தரும் நாரெதிஸ்டிரோன் ஷெட்யூல் எச் மருந்து, மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாது. அம்மாவிடம் பணிவாக மறுத்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை: "உனக்கு இதைப் பத்தி ஏதாவது கேட்கணுமா?" அவள் உடம்புக்குள் போகிற மாத்திரையைப் பற்றிப் பெரும்பாலும் அவளிடம் யாருமே பேசியிருக்க மாட்டார்கள்.

ரோல் ப்ளேயில் எங்கள் மாணவர்கள் எல்லோரும் 20-க்கு 18 வாங்குகிறார்கள். ஆனால் ஓ.பி.யில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை முன்னால் வாயடைத்துப் போகிறார்கள். என்ன குறை? (கல்லூரி ஆசிரியை)

குறை ரோல் ப்ளேயில்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. நோயாளியாக நடிப்பது யார்? பக்கத்து பெஞ்சு நண்பன். அவனுக்குக் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும். மருந்தின் பெயர், வேளை, பக்க விளைவு என்று பட்டியலை ஒப்பிக்க, அவன் தலையாட்ட, கடைசியில் "சந்தேகம் ஏதாவது இருக்கா?", "இல்லை". முழு மதிப்பெண். சீனியர் நோட்டைப் பார்த்து ரெக்கார்டும் எழுதியாகிவிடும். நான் போன ஒரு கல்லூரியில் கவுன்சலிங் அறை என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே உடைந்த நாற்காலிகள். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015 பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள் சொல்கின்றன. அதற்கான பயிற்சியை நாம் இந்த லட்சணத்தில் கொடுக்கிறோம்.

நடிக்கிறவருக்கு ஒரு ரகசியச் சீட்டு கொடுங்கள். உதாரணமாக: "முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின். ராத்திரி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்துவிடுகிறாய். நெஞ்செரிகிறது. தோழி சொன்ன க்ரீமையும் தடவுகிறாய். கேட்டால் மட்டும் சொல்." மாணவர் எத்தனை வாக்கியம் பேசினார் என்பதை விட்டுவிட்டு, சீட்டில் இருந்ததில் எவ்வளவு வெளியே வந்தது என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். இன்னொருவரை அப்பாவாக உட்காரவைத்து எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லச் செய்யுங்கள். பயிற்சி பெற்றவர்களை நோயாளியாக நடிக்கவைக்கும் முறையை ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1960-களிலேயே தொடங்கிவிட்டார், நமக்கு இது புதுச் செலவும் இல்லை. பக்கத்துக் கலைக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களைக் கேளுங்கள். பதினெட்டு வயது, பள்ளிப் பிள்ளையின் பேச்சு இன்னும் மறந்திருக்காது. முடிந்ததும் அவர்களிடமே கேளுங்கள்: "எந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது?" அந்தப் பதில் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

நீ என்பதா, நீங்க என்பதா? (பி.பார்ம் மாணவி)

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு நீங்க. சின்னவர்களுக்குப் பெயர் சொல்லி நீ. 15 வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள்.

16 வயது இருக்கும் ஒரு பெண் தனியாக வந்து அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டாள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சரியா? (டி.பார்ம் மாணவி)

அக்கறையோடு சொன்னீர்கள், ஆனால் நிறைவேற்ற முடியாத வாக்கு அது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 2012 போக்சோ சட்டம் குறுக்கே வரும், தகவல் தெரிவிப்பது கட்டாயம். மொட்டையாக ரகசிய வாக்கு கொடுக்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வது இதற்காகத்தான். இப்படிச் சொல்லலாம்: "நீங்க சொல்றதைக் கடையில யார்கிட்டயும் பேச மாட்டேன். உங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, சட்டப்படி சொல்லியாகணும்னாலோ, முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." மாணவியாகிய நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டாம், பொறுப்பு மருந்தாளுநரை உடனே அழையுங்கள். அந்த மாத்திரைக்குச் சுமார் 72 மணி நேரம்தான் கெடு, முந்தினால் அவ்வளவு நல்லது. ஆகவே அன்றே மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும். வற்புறுத்தல் நடந்திருக்குமோ என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கொடுங்கள். முகத்தைச் சுளித்து மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அடுத்து அவள் எங்கேயும் கேட்க மாட்டாள்.

பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள். என்ன சொல்வது? (முகாமுக்குப் போன மாணவர் குழு)

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்கள், கூடவே டீ வேண்டாம். இதையும் ஹெட்மாஸ்டரைப் பார்த்துச் சொல்லாமல் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.