விமானத்தில் ஒரு காபிக்கும் பிஸ்கட்டுக்கும் ஏன் இவ்வளவு விலை?

எகானமி வகுப்பில் தின்பண்டமும் பானமும் வெளியே விற்பதைவிடப் பல மடங்கு விலையில் இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செலவு ஒரு பங்குதான். விமானத்தில் விற்கும் தின்பண்டமும் பானமும் பொதுவாகப் பாதுகாப்புச் சோதனை முடிந்த கிடங்கிலிருந்து, உயரத் தூக்கும் லாரியில் கதவு வரை வர வேண்டும். ஏறிய ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவு உண்டு. சான்ட்விச் போன்றவை விற்காவிட்டால் பெரும்பாலும் குப்பைக்குத்தான்.

ஆனால் பெரிய காரணம் வேறு. குறைந்த கட்டண நிறுவனங்கள் டிக்கெட் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பெட்டி, இருக்கைத் தேர்வு, சாப்பாடு ஆகியவற்றில் லாபம் பார்க்கின்றன. தள்ளுவண்டி நம் வரிசைக்கு வரும்போது பக்கத்தில் வேறு கடை கிடையாது. பல நிறுவனங்களில் விற்பனைக்கேற்ப ஊழியர்களுக்குக் கமிஷனும் உண்டு. ஆனாலும் விலையை வைப்பது அவர்கள் இல்லை, அதனால் அவர்களிடம் விலையைப் பற்றிக் கோபப்படுவதில் நியாயமில்லை.

எனக்கு உறுத்துவது தண்ணீர்தான். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் திரவம் கூடாது என்று 2006-ல் வந்த விதியால் பல விமான நிலையங்களில் சோதனையிலேயே பாட்டிலைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. மேலே போனால் கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே, தொண்டை வறண்டுவிடும். அந்த நேரத்தில் தண்ணீரை விலைக்கு விற்பது சரியில்லை. காலி பாட்டிலைக் கொண்டுபோய், சோதனை முடிந்த பிறகு குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

திடமான தின்பண்டங்களைப் பொதுவாக உள்ளே விடுவார்கள். தயிர், ஜாம் போன்றவை மட்டும் திரவக் கணக்கில் சேரும். அப்புறம், சாப்பாடு வேண்டுமென்றால் முன்பதிவிலேயே வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் அது மலிவாக இருக்கும்.